தேடுங்கள்... கிடைக்காது!

(கணினிப் பொறியியல், மூன்றாம் ஆண்டு)

ஆண்டு மலரில் கணினி மாணவன் ஒருவன் எழுதுகிறான் என்றாலே 'கணினியின் நன்மை தீமைகள்' என்றுதான் ஆரம்பிப்பான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் அதற்கு வரவில்லை. உங்களுக்கு ஒரு சின்ன சோதனை வைக்கப் போகிறேன். போனை எடுங்கள். எக்ஸ் தளத்திலோ ஃபேஸ்புக்கிலோ 'புயல்' என்று தமிழில் போட்டுத் தேடிப் பாருங்கள். எனக்கு முதலில் இசைப்புயல் வந்தார். அடுத்து வைகைப்புயல் வந்தார், அதுவும் விதவிதமான முகபாவத்தோடு! 'கஜா' என்று போட்டேன். அந்தப் பெயருள்ள அண்ணன்மார்கள் எல்லாம் பிறந்தநாள் பேனரோடு வரிசையாக வந்தார்கள். நான் தேடியது எது? 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறி, நம்ம ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி, அறந்தாங்கிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை எல்லாம் படுக்க வைத்துவிட்டுப் போனதே, அந்தக் கஜா. அது மட்டும் வரவே இல்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

அந்தப் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லை. டவர் இல்லை. குடிதண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஊருக்குள் இருந்தவர்களால் பேச முடியாதபோது அவர்களுக்காகப் பேசியவர்கள் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போயிருந்த நம் ஊர்ப் பிள்ளைகள்தான். 'எங்க ஊருக்கு இன்னும் யாரும் வரல', 'பால் பவுடர் வேணும்', 'ஜெனரேட்டர் இருந்தா அனுப்புங்க' என்று எழுதினார்கள். அதே நாளில் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் லாரி லாரியாக அரிசியும் பாயும் மெழுகுவத்தியும் வந்துகொண்டுதான் இருந்தன. மெயின் ரோட்டு ஊர்களுக்குக் கிடைத்தது. உள்ளே தள்ளி இருந்த ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்ற குறை அப்போது பரவலாகவே எழுந்தது. கேட்டவனும் இருந்தான், கொடுக்கிறவனும் இருந்தான். கேட்டவன் எழுதியது கொடுக்கிறவன் கண்ணில் படவில்லை. இதைத்தான் கணினிப் பாடத்தில் 'சர்ச்' என்று சொல்லி ஐந்து மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுப் போகிறோம்!

இதற்கு முன்னும் பின்னும் நடந்த இரண்டைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் உதவி கேட்ட ட்வீட்டுகளைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து, ஊர், தேவை, போன் நம்பர் என்று விரிதாளில் ஏற்றினார்கள். அதாவது மனிதர்களே தேடுபொறியாக வேலை செய்தார்கள். அவர்களைப் பிடித்து ஆட்டிய பெரிய தலைவலி என்ன தெரியுமா? ஆளை மீட்டுக் கரை சேர்த்த பிறகும் அந்தப் பதிவு சுற்றிக்கொண்டே இருந்ததுதான். படகு வந்து காப்பாற்றிவிட்டது, ஆனால் பதிவு மட்டும் 'காப்பாற்றுங்கள்' என்று கத்திக்கொண்டே இருக்கிறது! பதிவுக்கு வாய் உண்டு, 'போதும்' என்று சொல்லத்தான் தெரியவில்லை.

அடுத்தது 2021 ஏப்ரல், மே. கொரோனா இரண்டாம் அலை. ஆக்சிஜன் எங்கே, படுக்கை எங்கே என்று நாடே ட்விட்டரில் தேடிக்கொண்டிருந்த நேரம். அப்போது நம் நாட்டு இளைஞர் ஒருவர் ஒரு மிக எளிய பக்கத்தைச் செய்து விட்டார். ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்து, படுக்கையா ஆக்சிஜனா என்று தட்டினால் போதும், அது ட்விட்டரின் சொந்தத் தேடலுக்கே ஒரு நீளமான கேள்வியை எழுதி அனுப்பும். அந்தக் கேள்வியின் உள்ளே இருந்த சூட்சுமத்தைக் கவனியுங்கள்: 'சரிபார்க்கப்பட்டது' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் இருக்க வேண்டும், 'தேவை' என்ற பொருளுள்ள சொற்கள் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த ஒரு கழித்தல் குறியினால் கேட்பவர் கூட்டம் விலகிக் கொடுப்பவர் பட்டியல் கண்ணுக்குத் தெரிந்தது. செயற்கை அறிவும் இல்லை, கோடி ரூபாய் கம்ப்யூட்டரும் இல்லை. ஜனங்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று உட்கார்ந்து படித்த ஒரு மூளை, அதுதான் அங்கே வேலை செய்தது. இதை நான் மிகப் பெரிய வடிவமைப்பு என்று நினைக்கிறேன்.

சரி, அதையே தமிழில் செய்து பார்ப்போமே என்றால், அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. 'தேவை' என்ற சொல் உள்ளதை எல்லாம் தள்ளிவிடு என்று கட்டளை போட்டால், 'சாப்பாடு தயாராக உள்ளது, தேவைப்படுவோர் அழைக்கவும்' என்று எழுதிய புண்ணியவானையும் சேர்த்துத் தள்ளிவிடும். 'இனி தண்ணீர் தேவையில்லை, அடுத்த ஊருக்குக் கொடுங்க' என்பதும் போய்விடும். 'இல்லை' என்பதை ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக எழுதுகிறார்கள். நாம் அதைச் சொல்லின் வாலிலேயே ஒட்டிவிடுகிறோம். 'கிடைக்கவில்லை', பேச்சில் 'கெடைக்கல'. கடைசி ஓரெழுத்தில் உயிரே இருக்கிறது!

ஊர்ப் பெயருக்கு வருவோம். 'கீரமங்கலம்' என்று தேடினால் 'கீரமங்கலத்துக்கு' வராது. ஏனென்றால் 'ம்' போய் 'த்து' வந்துவிட்டது. நம்ம ஆள் எழுதுவது 'கீரமங்கலத்துலேர்ந்து'. 'வெள்ளாறு' என்று தேடினால் 'வெள்ளாற்றில்' வராது, 'வெள்ளாத்துல' சத்தியமாக வராது. இலக்கண வகுப்பில் சாரியை, வேற்றுமை உருபு என்று தமிழய்யா சொன்னபோது தூங்கிய நமக்கு, கணினிக்குத் தேடல் எழுதப் போகும்போதுதான் அவர் அருமை புரிகிறது. அதே ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையில் 'து'வை எழுத இரண்டு வழி. 'க்கோ'வில் ஒற்றை எழுத்தா இரட்டையா என்று இரண்டு வழி. 'ட்டை'யிலும் அப்படியே இரண்டு. பெருக்கினால் எட்டு! போதாததற்குப் 'புதுகை' என்று செல்லப் பெயர் வேறு. ரயில்வேக்காரர்களின் நான்கெழுத்துச் சுருக்கமான பி.டி.கே.டி.யையும் சேர்த்தால் பத்து. ஓர் ஊருக்குப் பத்துப் பெயர் இருந்தால், ஒரு பெயரைத் தெரிந்தவன் மற்ற ஒன்பதைப் பார்க்காமலே போகிறான்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ஆலங்குடி என்று தேடினால் குருப்பெயர்ச்சி வழிபாடு, பரிகாரம், சிறப்புப் பேருந்து எல்லாம் வந்து விழும். அது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி, குரு தலம். நம்ம ஆலங்குடி வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட என்ன வழி? பக்கத்தில் வரும் ஊரைப் பார்க்க வேண்டும். 'வடகாடு', 'கொத்தமங்கலம்', 'திருவரங்குளம்' கூட வந்தால் அது நம்முடையது. இந்த அறிவு பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினியருக்கு எங்கேயிருந்து வரும்? நான்கு வருடம் பி.இ. படித்தவருக்கும் வராது. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போன நமக்குத் தெரியும்.

எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஸ்க்யூலைட் என்ற இலவசத் தகவல்தளத்தில் எழுத்துத் தேடலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நாங்களும் இருநூறு தமிழ் வாக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றி 'வேலை' என்று தேடினோம். 'விலை' வந்தது. 'வேலி' வந்தது. கவிஞர் வாலியும் வந்தார்! கூட இருந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு காரணத்தைத் தோண்டிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிட்டது. எழுத்து எது, எழுத்தல்லாதது எது என்று அந்தக் கருவிக்குச் சொல்லித் தந்தவர்கள் ஆங்கிலத்தையும் ஐரோப்பிய மொழிகளையும் மனதில் வைத்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நம்முடைய கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதற்கு எழுத்தே இல்லை, காற்புள்ளி மாதிரி இடைவெளி! 'வே-லை'யில் கொம்பையும் ஐகாரத்தையும் உதறிவிட்டால் மிச்சம் 'வ', 'ல'. 'விலை'க்கும் அதே 'வ', 'ல' தான். வேலை தேடுகிறவனுக்கு விலையைக் காட்டுகிற கருவி! (நாட்டு நடப்பும் அப்படித்தானே என்று ஒரு நண்பன் சொன்னான்.) திருத்துவதற்கு ஆனது ஒரே ஒரு வரி. உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கொள் என்று அமைப்பில் சேர்த்தோம், சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வரியைச் சேர்க்கத் தெரியாமல் எத்தனை தமிழ்த் தளங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ!

இன்னொன்று. 'கோ' என்ற எழுத்தில் 'ோ' என்ற குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், 'ே'யையும் 'ா'வையும் தனித்தனியே தட்டியும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேட வேண்டும். புதுக்கோட்டை என்ற பெயரிலேயே அந்தக் 'கோ' உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! 1991இல் வந்த முதல் யூனிகோடிலேயே தமிழ் இருந்தது. 2010இல் நம் அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த நோட்டீஸ்களும் தீர்மானங்களும் தேடலுக்கு வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் இன்றும் தெரியும்.

எழுத்தில் இருப்பதற்கே இந்தப் பாடு. நம்ம ஜனங்கள் எழுதுவதை விடப் பேசுவதுதான் அதிகம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் எங்கள் தெருவுக்கே நான்தான் தேடுபொறி! 'தம்பி, தென்னைக்கு நிவாரணம்னு ஒண்ணு வந்துச்சே, அத எடுத்துக் குடுப்பா' என்று போனை நீட்டுவார்கள். எந்தக் குரூப், எந்த மாதம், யார் போட்டது, எதுவும் தெரியாது. 'பச்சைக் கலர்ல இருந்துச்சு' என்பார்கள். அது பெரும்பாலும் படமாக இருக்கும், இல்லாவிட்டால் குரல்பதிவு. இரண்டிலும் சொல்லைப் போட்டுத் தேட முடியாது. 1991, 92இல் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் கற்றார்கள், நாடே திரும்பிப் பார்த்தது. அப்படிக் கற்ற கைகள்தான் இன்று மைக் பொத்தானை அமுக்கிப் பேசி அனுப்புகின்றன. அது குறை ஆகாது. அவர்கள் பேசியதைத் தேடித் தர முடியாத கருவிதான் குறை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாடல்களை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. நம் வட்டாரப் பேச்சில் அதைச் சோதித்து எங்கே தடுக்கி விழுகிறது என்று குறித்துவைத்தால் அதுவே நல்ல ஒரு புராஜெக்ட்.

'அதெல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கும்டா' என்று சீனியர் அண்ணன்கள் சொல்கிறார்கள். மரியாதையோடு மறுக்கிறேன். எந்த ஏ.ஐ.யும் கையில் கிடைத்த பதிவுகளுக்குள்தான் தேடும். அந்தக் கதவுகளோ ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. ஃபேஸ்புக் 2013இல் 'கிராஃப் சர்ச்' என்று பெரிதாக அறிவித்தது, 2019இல் முடக்கியது. பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் பொதுப் பதிவுகளைப் பார்க்கப் பயன்படுத்திய கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்ட் 14இல் மூடப்பட்டது. ட்விட்டர் 2023இல் பதிவுகளை இலவசமாக எடுக்கும் வழியை நிறுத்திக் காசு கேட்டது. சென்னை வெள்ளத்தில் செய்ததை அதே மாதிரி இன்று செய்ய வேண்டுமென்றால் முதலில் பர்சைத் திறக்க வேண்டும்.

நெடுவாசலை நினைத்துப் பாருங்கள். 2017 பிப்ரவரி 15இல் மத்திய அரசு ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது. மறுநாளே ஊர் உட்கார்ந்துவிட்டது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம், ஊர் ஊராக இளைஞர்கள் கிளம்பி வந்தது முகநூலையும் வாட்ஸ்அப்பையும் பார்த்துத்தான். 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது அதில் நம் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களும் இடம் பெற்றன. இவ்வளவு பெரிய வரலாறு! அந்த நாட்களில் அந்த மண்ணில் உட்கார்ந்திருந்த பெண்களும் விவசாயிகளும் போட்ட பதிவுகளை இன்று தேடி எடுக்க முடிகிறதா? பத்திரிகைச் செய்தி கிடைக்கும், தலைவர்கள் பேசியது கிடைக்கும். லைக் வாங்காத சாதாரண ஆளின் வரி கிடைக்காது.

இதில்தான் எனக்கு ரொம்பக் கோபம். எந்தத் தளத்திலும் தேடினால் முதலில் வருவது அதிகம் பேர் பார்த்தது, அதிகம் பேர் பகிர்ந்தது. சினிமாவுக்கு அது சரி. நிவாரணத்துக்கும் அதே கணக்கா? கூட்டத்தில் சத்தமாகக் கத்துகிறவனுக்கே பொட்டலம் கொடுப்பது மாதிரி இல்லையா இது? என் கணக்குப்படி உதவிப் பதிவுகளின் தேடலில் வரிசை, லைக்கின்படி இருக்கவே கூடாது. இன்னும் உதவி கிடைக்காதவன் முதலில், அதிலும் அதிக நேரம் காத்திருப்பவன் மேலே. உதவி கிடைத்துவிட்டால் அந்தப் பதிவு தானாகக் கீழே இறங்க வேண்டும். ரேஷன் கடை க்யூவுக்கு இருக்கிற நியாயம் தேடுபொறிக்கும் வேண்டும்.

அதோடு, எல்லாவற்றையும் தேடித் தருவதே நல்ல கருவி என்று நான் சொல்லமாட்டேன். உதவி கேட்டவர்களின் போன் நம்பர் எப்போதும் தேடலில் கிடைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? 2021இல் உதவிக்காக நம்பரை வெளியிட்ட பெண்கள் சிலருக்கு ஆபாச அழைப்புகள் வந்ததைச் செய்திகளில் பார்த்தோம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூட ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட விவரத்துக்குப் பொருந்தாது. ஆகவே அந்தக் கட்டுப்பாட்டைக் கருவி செய்கிற நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மாஸ்டடான் என்ற திறந்தநிலைத் தளத்தில் 2023 முதல் ஒரு நல்ல வழக்கம்: 'என் பதிவுகளைத் தேடலில் காட்டலாம்' என்று யார் சம்மதித்தார்களோ அவர்களுடையது மட்டும்தான் தேடலில் வரும். வாட்ஸ்அப் குரூப்பை வெளியிலிருந்து யாரும் தேட முடியாது. அது அப்படியே இருக்கட்டும். வீட்டுக்குள் பேசுவதை ஒட்டுக்கேட்டுத் தேடுபொறி செய்ய வேண்டாம்.

அப்படியானால் பதிவு எங்கிருந்து வரும்? கேட்டு வாங்குவோம். ஓர் எண்ணைக் கொடுத்து, 'உங்கள் ஊர்ச் செய்தியை இதற்கு அனுப்புங்கள், பொதுவில் தேடலில் வரும்' என்று சொல்லியே வாங்குவோம். ஊர், தேவை, நேரம், நிலை என்று நாலே கட்டம். நம்பர் பொதுவில் தெரியாது, பொறுப்பாளர் வழியாகத்தான் பேச முடியும். பத்து நாள் கழித்துத் தானாக அழிந்துவிடும். புயல் வந்த பிறகு ஆரம்பித்தால் ஆகாது. ஐப்பசிக்கு முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும், சும்மா இருக்கிற நாளில் தொலைந்த ஆடு, ரத்ததானம், பஸ் நேரம் என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இது டிப்ளமோ மாணவனால் முடியாத வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம். உள்ளே இருப்பது வெறும் சொல்லடைவுதான். பழைய புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அதுவேதான். அந்தச் சொல்லுக்கு எதிரே பக்க எண் இருக்கும், இங்கே பதிவின் எண். நம் ஆய்வகத்துப் பழைய கம்ப்யூட்டரே தாங்கும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கடைசி வருடம் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று போட்டு ஏதோ ஒரு புராஜெக்ட் சென்டரில் முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் எடுக்கும் சாப்ட்வேரை வாங்கி, தலைப்பை மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு நீட்டுகிறோம். போன வருடம் இரண்டு பேட்ச் ஒரே ரிப்போர்ட்டை எழுத்துப் பிழை மாறாமல் கொடுத்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்!

நானும் இரண்டு நண்பர்களும் ஒரு நோட்டுப் போட்டு ஆரம்பித்துவிட்டோம். இடது பக்கம் ஊரின் அரசாங்கப் பெயர், நடுவில் ஜனங்கள் சொல்லும் பெயர், வலது பக்கம் ஆங்கில எழுத்தில் அவர்கள் எழுதும் எல்லா விதமும். பதின்மூன்று ஒன்றியங்களில் திருவரங்குளம் முடிந்தது, கறம்பக்குடி பாதியில் நிற்கிறது. அன்னவாசல், விராலிமலைப் பக்கம் ஒரு வரிகூட எழுதவில்லை. மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கத்து நண்பர்கள் யாராவது கட்டாயம் வர வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று போர்டில் எழுதியிருப்பது எங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போகிறவர்கள் வாயில் அந்தப் பெயர்கள் எப்படி வருகின்றன என்று தெரியாது. நோட்டு இரண்டாவது ஆய்வகத்தில், ஜன்னலோரக் கம்ப்யூட்டர் மேல் இருக்கிறது. பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.